காலி வீட்டு மனு

வடக்கனந்தல்
7.11.2024

அன்புள்ள செல்விக்கு,

அண்ணி அருள்மொழி எழுதுகிறேன். நான் நலம். மலையில் பனி இறங்கியிருக்குமே, உன் இருமல் எப்படி இருக்கிறது? விடுதிப் பிள்ளைகள் எழுபது பேருக்கும் விடிவதற்குள் பொங்கிப் போடுகிற உனக்கு ஒரு வாய் கஞ்சியாவது சூடாகக் கிடைக்கிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உனக்கு அங்கே சிக்னல் கிடைப்பது அமாவாசைக்கு அமாவாசை. என் செல் உங்கள் அண்ணனிடம் இருக்கிறது. அதனால் பேனாவைப் பிடித்தேன். பத்தாவதில் தமிழில் எண்பத்தேழு வாங்கியவள் நான், மறந்துவிடாதே.

விஷயம் இதுதான். உன் வீட்டுக்குப் பேரூராட்சியிலிருந்து சொத்து வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. உன் வீட்டுக்காரர் தமிழழகன் தம்பி காலமான பிறகு நீ பெயர் மாற்றியதிலிருந்து உன் பெயருக்கே வருகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கான அரையாண்டு பாக்கி, அக்டோபரில் தொடங்கிய அரையாண்டு, இரண்டும் சேர்ந்திருக்கிறது. கட்டாவிட்டால் மாதாமாதம் வட்டி ஏறும், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று அடியில் அச்சடித்திருக்கிறார்கள். நோட்டீஸை இதோடு வைத்திருக்கிறேன்.

பதில் எழுதினால் எங்கள் வீட்டு விலாசத்துக்குப் போடாதே. உங்கள் அண்ணன் தபாலை வாங்கி எங்கேயாவது செருகிவிடுகிறார். உன் எதிர்வீட்டுத் தைலம்மாள் அக்கா பெயருக்குப் போடு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

தலையில் துணி கட்டாமல் பனியில் நிற்காதே.

உன் அண்ணி,
அருள்மொழி


கல்வராயன் மலை
20.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

செல்வி வணக்கம். இருமல் பரவாயில்லை, பிள்ளைகளுக்குக் காய்ச்சுகிற சுக்குத் தண்ணியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணன் நலமா?

எண்பத்தேழு மார்க் வாங்கிய அண்ணி அனுப்புநர் இடத்தில் வெறும் வடக்கனந்தல் என்று மட்டும் எழுதலாமா? தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. சேராமல் போனால் தபால்காரர் எந்த வாசலுக்குத் திருப்பிக்கொண்டு வருவார்?

போன ஞாயிறு கரியாலூர் திருப்பத்தில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். உங்களைக் கேட்டதற்கு, "அவ கொல்லையில இருக்கா" என்றார். வரி நோட்டீஸைப் பற்றிச் சொன்னேன். "பூட்டிக் கெடக்குற வூட்டுக்கு இன்னாத்துக்கு தண்டமா வரி கட்டிக்கினு? ஆள் ரெடியா வச்சிருக்கேன், குடுத்துடு" என்றார். இது மூன்றாவது தடவை.

கொடுக்க மாட்டேன் அண்ணி. ஊராருக்கெல்லாம் பகலில் வீடு கட்டிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு வந்து நமக்குக் கட்டினவர் என் வீட்டுக்காரர். மூன்று வருஷம் ஆனது மெத்தைத் தளம் போட. இந்தச் சமையல் வேலை நாளைக்கே போனாலும் நான் இறங்கி வந்து படுக்க அந்த வீடு ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் தண்டம் என்று அண்ணன் சொல்லும்போது பதில் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் விடுதிக் காப்பாளர் எழில்மதி மேடம் ஒரு வழி சொன்னார். வீடு ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்தால், கிடந்த நாள் கணக்குக்குப் பாதி வரி வரைக்கும் தள்ளுபடி கேட்கலாமாம். ஆனால் வீடு காலி என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. அரையாண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கொடுக்க வேண்டும். அவர்களும் வந்து பார்த்து உறுதி செய்வார்களாம்.

மனுவை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஆபீசில் கொடுத்துவிடுங்கள். சாவி உங்களிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று. நீங்கள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போவதோடு சரி, வேறு யார் அங்கே போகப்போகிறார்கள்?

உங்கள் நாத்தனார்,
செல்வி


(எழுதி, தபாலில் போடாமல் வைத்தது)

2.12.2024

செல்வி,

உன் மனுவை நான்கு தடவை படித்தேன். "மேற்படி வீட்டில் தற்போது எவரும் குடியிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதை உன் வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து படித்தேன். எவரும் என்பது நான்தான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம், கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் வந்திருந்தது. பன்னிரண்டு பேர். சோறு கொண்டுபோயிருந்தேன். வெயிலில் ஒரு பெண்ணுக்குத் தலை சுற்றியது. நிழலில் கொஞ்சம் படும்மா என்றேன். அவ்வளவுதான். "யார் கொல்லையில யாரு நாட்டாமை பண்றது?" என்று உங்கள் அண்ணன் எல்லார் முன்னாலும் கை நீட்டிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் நடந்தது அன்றைக்கு வெளிச்சத்தில் நடந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து என் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். பேர்கூடத் தெரியாதவள்.

குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நடந்தேன். திருநாவலூருக்குப் போயிருந்தால் என் தம்பிகள் இரண்டு நாள் சோறு போட்டு மூன்றாம் நாள் காரில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். இடுப்பில் உன் வீட்டுச் சாவி இருந்தது. உன்னைக் கேட்காமல் கதவைத் திறந்தது தப்புத்தான்.

இப்போது மக்காச்சோளக் களத்துக்குக் கூலிக்குப் போகிறேன். நேற்றுவரை ஆளுக்குச் சோறு கொண்டுபோனவள் இன்றைக்கு ஆளாகப் போகிறாளே என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. உங்கள் அண்ணன் உன்னிடம் சொல்லாதது மானத்துக்காக. வீட்டை வித்துடு என்று அவசரப்படுத்துவது வரிக்காக இல்லை செல்வி. இந்தக் கூரை போனால் நான் திரும்பி வந்துதான் ஆகவேண்டும், அதற்காக. இன்னொரு சாவி அவரிடம் இருப்பதால் கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதினால் நீ நம்புவாயா? நீ ஒரு தடவை கண்ணால் பார்த்தவள். அப்போது உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாசற்படியில் நின்றாய். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போய்விட்டாய். தப்பு சொல்லவில்லை. அவர் உன் அண்ணன், கூடப் பிறந்த இரத்தம். நான் வந்தவள்.

இதைத் தபாலில் போடும் தைரியம் எனக்கு வரவில்லை.

அருள்மொழி


வடக்கனந்தல்
18.12.2024

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது என்றார்களே, உன் விடுதிக்கு ஒன்றும் ஆகவில்லையே? இங்கே பத்து நாள் ஒரே வெள்ளக்காடு. திருக்கோவிலூர் பக்கம் ஆற்றங்கரை ஊர்களுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வெள்ள வேலைக்குப் போய்விட்டார்கள். மனுவைக் கொடுக்க முடியவில்லை.

உன் வீட்டு மெத்தை ஒரு சொட்டு ஒழுகவில்லை. தம்பி போட்ட தளம் அப்படியே கல்லாக இருக்கிறது.

இந்தத் தள்ளுபடி நமக்குத் தேவைதானா என்று ஒரு தடவை யோசி. முழு வரியையும் கட்டிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமே.

உன் அண்ணி,
அருள்மொழி


கல்வராயன் மலை
4.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பாதை சரியாகிவிட்டது, நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் நலமா? மெத்தை ஒழுகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை எழில்மதி மேடத்திடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாருங்கள் மேடம், என் வீட்டுக்காரர் போட்டது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

ஆனால் மற்றதில் உங்களோடு எனக்குக் கோபம். வெள்ளம் என்று டிசம்பரை விட்டோம். ஜனவரியும் போனால் மிச்சம் இரண்டு மாதம்தான். மார்ச் முப்பத்தொன்றோடு அரையாண்டு முடிகிறது. முழு வரியையும் கட்டச் சொல்கிறீர்கள், என் சம்பளம் தொகுப்பூதியம் என்று உங்களுக்குத் தெரியாதா? பணம்கூட இரண்டாம்பட்சம். பொங்கலுக்குள் முடிவு சொல் என்று அண்ணன் கெடு வைத்திருக்கிறார். "நீ அங்க, வூடு இங்க, எதுக்குடி உனக்கு?" என்கிறார். அதிகாரி கையெழுத்தோடு வரி குறைந்து ஒரு தாள் வந்தால் அதைக் காட்டி அவர் வாயை அடைப்பேன். இல்லாவிட்டால் ஒரு நாள் சலித்துப்போய்ச் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

தயவுசெய்து இந்த வாரம் கொடுத்துவிடுங்கள் அண்ணி. உங்களைத் தவிர எனக்கு அங்கே ஆள் இல்லை.

பொங்கல் வாழ்த்துகள்.

செல்வி


வடக்கனந்தல்
22.1.2025

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம், முட்டி மட்டும் மக்கர் செய்கிறது. பொங்கலுக்கு விடுதியில் என்ன செய்தாய்? பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்களே, தனியாகவா பொங்கினாய்?

மனுவைக் கொடுத்துவிட்டேன். சீல் வைத்த ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். ஆபீசில் என் கையால்தான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பில் கலெக்டர் வந்தார். ஜீவா என்று பெயர், சின்னப் பையன்தான், ஆனால் வேலையில் கெட்டி. கதவைத் தட்டினார். திறந்தேன். அவர் மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வூடு காலின்னு எழுதிக் குடுத்துருக்காங்க. நீங்க யாருங்கம்மா?"

"அவங்க அண்ணிங்க. வெளக்கேத்த வந்தேன்."

"வெளக்கு வெள்ளிக்கெழமையில ஏத்துவாங்க. இன்னிக்குத் திங்கக்கெழமைங்க."

பொங்கல் குப்பையைப் பெருக்க வந்தேன் என்று மாற்றினேன். அவர் டேப்பை எடுத்தார். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். வரி எப்படித்தான் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அளந்துகொண்டே சொன்னார்.

"மொதல்ல தெரு எந்த மண்டலம்னு பாப்போம். அப்புறம் எத்தினி சதுர அடி, மேல இன்னா கூரை. மெத்த வூட்டுக்கு ஒரு ரேட்டு, பின்னால சிமெண்ட் ஓடு போட்டதுக்கு கம்மி. கட்டி எத்தினி வருசம் ஆச்சோ அதுக்கு ஏத்தமாதிரி தேய்மானம் கழிப்போம். குடியிருக்கவா, கடையா, அதையும் பாக்கணும். கடைன்னா ஜாஸ்தி."

"ஆளே இல்லன்னா?"

"அதான் உங்க மனு. காலின்னா காலியா இருக்கணும்மா. கரண்ட் ரீடிங்கும் வாங்கிப் பாப்போம்."

அவர் படிவத்தில் குடியிருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு, "இங்க இன்னாங்க எழுதறது?" என்றார். அதை விட்டுவிடுங்கள் தம்பி என்றேன். கட்டத்தை வெறுமையாகவே விட்டார். போகும்போது வாசற்கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

மனு தள்ளுபடியானால் வருத்தப்படாதே செல்வி. உங்கள் அண்ணனுக்கு மட்டும் எதற்கும் சரி சொல்லிவிடாதே. இதை உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அண்ணி,
அருள்மொழி


கல்வராயன் மலை
20.2.2025

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஆபீசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: "நேரில் ஆய்வு செய்தபோது வாசலில் கோலமும், கொடியில் ஈரத் துணிகளும், அடுப்பில் சூடும் காணப்பட்டன. மின்வாரியப் பதிவின்படி கடந்த இரு கணக்கீட்டுக் காலங்களில் முறையே 58, 71 யூனிட்டுகள் பயன்படுத்தப்பட்டுள்ளன. எனவே வீடு குடியிருப்பில் உள்ளது எனக் கருதி மனு நிராகரிக்கப்படுகிறது."

எனக்கு வருகிற கரண்ட் மெசேஜில் கட்டணம் பூஜ்யம் என்றே இருந்தது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரைக்கும் இலவசம் என்பதை மறந்து, யாரும் சுவிட்சைத் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் விளக்குக்கு எழுபத்தொரு யூனிட்டா அண்ணி? உங்கள் கடிதத்தில் ஈரத் துணியும் இல்லை, அடுப்பும் இல்லை. திங்கட்கிழமை விளக்கு மட்டும்தான் இருந்தது.

யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். ஒரு பொய் மனுவில் என்னைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டீர்களே. எழில்மதி மேடம் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் சொன்னதையே கேட்டிருக்கலாம் போலிருக்கிறது. யாரை நம்பி அந்த வீட்டை வைத்துக்கொண்டிருக்கிறேன்?

அங்கே இருப்பது யார் என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செந்தமிழ்ச்செல்வி


வடக்கனந்தல்
27.2.2025

செல்விக்கு,

அங்கே இருப்பது நான்.

டிசம்பர் இரண்டாம் தேதி எழுதிப் போடாமல் வைத்த கடிதத்தை இதோடு அனுப்புகிறேன். அதில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. இரண்டு மூன்று இடத்தில் இப்போது படிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

வாடகை என்று நீ நினைத்தது வலித்தது. ஆனால் நினைக்கும்படி நடந்துகொண்டவள் நான்தான். உன்னைப் பொய்க் கையெழுத்துப் போட வைத்ததற்கு மன்னித்துவிடு.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாவியைத் தைலம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். கள்ளக்குறிச்சியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருக்கிறார்கள், தங்க இடமும் தருகிறார்களாம். ஏப்ரலில் நீ புதிதாக மனு கொடு. அப்போது வீடு நிஜமாகவே காலியாக இருக்கும், ரீடிங்கும் ஓடாது. உங்கள் அண்ணன் வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போகமாட்டேன். அது முடிந்தது.

இனி உனக்கு என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் வீட்டை விற்காதே. தம்பி போட்ட தளம் அது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அருள்மொழி


தைலம்மாள் அக்கா வீடு, வடக்கனந்தல்
24.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

விலாசத்தைப் பார்த்துத் திகைக்காதீர்கள். இன்று காலை முதல் பஸ்ஸில் இறங்கி வந்தேன். இதை உங்கள் எதிர்வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் வாசல் நேரே தெரிகிறது. நீங்கள் சோளக் களத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று தைலம்மாள் அக்கா சொன்னார். உண்மையைச் சொன்னால், நீங்கள் இல்லாதது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் குடம் நினைவுக்கு வந்தது. நான் தண்ணிக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குக் குழாயில் தண்ணியே வரவில்லை அண்ணி. அது எனக்குத் தெரியும். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய், உங்கள் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டுக் காலிக் குடத்தோடு திரும்பி வந்தேன். நீங்கள் அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டீர்கள். நான் சாப்பிட்டேன். நீங்கள் தப்பு சொல்லாவிட்டாலும் அது தப்பு.

போன நவம்பரிலிருந்து ஒரு கடிதத்தில்கூட நீங்கள் "நாங்கள் நலம்" என்று எழுதவில்லை. "நான் நலம்" என்றுதான் எழுதினீர்கள். எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இன்று செய்ததைச் சொல்கிறேன். ஆபீசுக்குப் போய் முழு வரியையும் வட்டியோடு கட்டினேன். எழில்மதி மேடம் கைமாற்றாகக் கொஞ்சம் கொடுத்தார். தப்பான மனு கொடுத்துவிட்டேன், குடியிருப்பவர் இருக்கிறார், பதிந்துகொள்ளுங்கள் என்று புதுப் படிவம் எழுதிக் கொடுத்தேன். ஜீவா அந்தப் பழைய வெற்றுக் கட்டத்தைக் காட்டி, "இப்பவாச்சும் எழுதுங்க" என்றார். அருள்மொழி என்று எழுதினேன். வாடகை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். உரிமையாளருக்கு என்ன உறவு என்ற இடத்தில் முதலில் "அண்ணன் மனைவி" என்று எழுதிவிட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. அடித்துவிட்டு "அண்ணி" என்று எழுதினேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். அவர் அடித்த இடத்தில் என்னிடம் ஒரு சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை. "வூடு விக்கறதில்ல. அங்க ஆள் குடியிருக்காங்க" என்றேன்.

"யாரு குடியிருக்கா? எவளைக் கேட்டு?"

"என்னைக் கேட்டுத்தான். எழுதிக் குடுத்துட்டேன். ஆபீஸ்ல போய்ப் படிச்சுக்கோ."

கத்தினார். ஆனால் இந்தத் தடவை நான் குடத்தைத் தேடவில்லை.

கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கித் தைலம்மாள் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் ஆசாரி வந்து பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்துவார். மூன்று சாவி. ஒன்று உங்களுக்கு, ஒன்று தைலம்மாள் அக்காவுக்கு, ஒன்றை நான் எடுத்துப் போகிறேன். கிழடாகி மலையிறங்கி வரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் கதவைத் தட்டி எழுப்ப வேண்டாம் பாருங்கள்.

ஓட்டலுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள், நீங்கள் வரமாட்டீர்கள் என்று. நாலு மணி பஸ் வந்துவிடும்.

உங்கள்
செல்வி


வடக்கனந்தல்
29.4.2025

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். இருமல் இல்லையே? வெயில் இங்கே கொளுத்துகிறது, மலைக்காற்றில் இரண்டு குடம் பிடித்து அனுப்பு.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், கையில் ஒன்றை வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று இருந்தேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கான வரியை நேற்றுக் கட்டிவிட்டேன். என் களத்துக் கூலி. நீ சண்டைக்கு வராதே. குடியிருப்பவள் நான், வரி நான்தான் கட்டுவேன். ஏப்ரலுக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து குறைக்கிறார்கள் தெரியுமா? "தள்ளுபடி கெடச்சிடுச்சு பாருங்க" என்றார் ஜீவா. வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிக் கேட்டபோது கிடைக்காதது, ஆள் இருந்து நேரத்துக்குக் கட்டியதற்குக் கிடைத்தது. ரசீதில் வரி செலுத்தியவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். மளிகைக் கடைச் சீட்டிலிருந்து கேஸ் புத்தகம் வரை இதுவரை எல்லாம் கொளஞ்சியப்பன் மனைவி என்றுதான் இருந்தது. இதில் வெறும் அருள்மொழி. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

போன ஞாயிறு உங்கள் அண்ணன் வந்தார். நான் சமையற்கட்டில் இருந்தேன். கூப்பிடவில்லை, தட்டவில்லை, நேராகச் சாவியைப் போட்டார். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை. அப்புறம்தான் குரல் வந்தது.

"ஏய், தொறடி!"

ஜன்னலுக்கு வந்தேன்.

"இது குடியிருக்கிற வூடுங்க. தட்டிட்டுக் கூப்புடணும்" என்றேன்.

"இன்னாடி ஊர் சிரிக்க வெக்கிற? வா வூட்டுக்கு."

"என் வூடு இதாங்க. நீங்க போங்க."

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை, கவனி. நம் வீட்டில் பால்காரரைக்கூட அப்படிச் சொல்லித்தான் அனுப்புவோம். போங்க என்றுதான் சொன்னேன். அவருக்கும் அது புரிந்தது. தைலம்மாள் அக்கா எதிர்வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார், பக்கத்து வீட்டிலும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பழைய சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

மறுநாள் அம்மிக்கல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து உருட்டிச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோனேன். ஆறு மாதம் கழித்து அதில் துவையல் அரைத்தேன். உளுந்தும் புளியும் வைத்து, உனக்குப் பிடித்த பக்குவம். வைகாசி லீவுக்கு நீ வரும்போது அரைத்துத் தருகிறேன்.

போன நவம்பரில் ஒன்று கேட்டாயே, தபால்காரர் எந்த வாசலுக்குத் திருப்பிக்கொண்டு வருவார் என்று. அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. கீழே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

அனுப்புநர்:
அருள்மொழி,
கதவு எண் 4/117, மேட்டுத்தெரு,
வடக்கனந்தல்.